டுரியான் விருந்துக்கு வராத ஐந்து பேர்

அத்தியாயம் 6

“மெயில்னு ஒண்ணு பொறந்த நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு மெயில்கூடக் காணாமப் போனதில்ல. ஒண்ணு போய்ச் சேரும். இல்லன்னா, சேரலன்னு சொல்லித் திரும்பி வரும். மூணாவது வழி கெடையாது. காணாமப் போறது மனுசனோட ஞாபகம் மட்டும்தான்.”

இதைத் துப்பறிவாளன் சுகுமாரன், பினாங்கு குயின் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த தன் அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சொன்னான். சிரிக்காமல், தீர்ப்பு வாசிக்கும் முகத்தோடு சொன்னான். கீழே கடைக்காரர் அப்போதுதான் ஒலிபெருக்கியைத் திறந்ததால், தீர்ப்பின் பின்பாதி ஒரு குத்துப்பாட்டோடு கலந்து வந்தது.

உதவியாளர் ஷஹீதா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். சுகுமாரன் சொல்வதை எல்லாம் எழுதுவது அவள் வேலை. அது தப்பு என்று பின்னால் தெரியும்போது தேதியோடு எடுத்துக் காட்டுவது அவள் பொழுதுபோக்கு.

“மூணாவது வழி கெடையாது. எழுதிட்டேன் பாஸ். கீழ ஒரு கையெழுத்துப் போடுறீங்களா?”

“கையெழுத்தா? நீ எந்தக் காலத்துல இருக்க?” என்றான் சுகுமாரன்.

எதிர் நாற்காலியில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்து மூன்று. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வீடு. புக்கிட் தெங்காவில் போத்தல் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. ஒரு மூடியை விரலால் தட்டிப் பார்த்தே அதில் கீறல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த விரல்கள் இப்போது கைப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். ஜூன் பத்தாம் தேதி நிர்வாகம் அவருக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பியதாகச் சொல்கிறது. கீறல் விழுந்த மூடிகள் ஒரு பெட்டி நிறைய வெளியே போய்விட்டன, ஏழு நாளில் விளக்கம் கொடு என்று. விளக்கம் வரவில்லை. பேசாமல் இருந்ததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இன்று விசாரணை. பகல் பன்னிரண்டு மணிக்குள், அந்தக் கடிதம் தன் கைக்கு வரவே இல்லை என்று நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம்தான் பாக்கி.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டியை அனுப்பாதே என்று அவரே கையெழுத்திட்டு நிறுத்திய ரோஜா நிறப் படிவம் அவருடைய பைக்குள்ளேயே இருந்தது. பதில் கையில் இருந்தது. கேள்விதான் வந்து சேரவில்லை. இப்போது காட்டினால் பார்க்க மாட்டோம், கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

தெரியாமல் அழித்திருப்பீர்களோ என்று சுகுமாரன் மூன்று தடவை மூன்று விதமாகக் கேட்டான்.

“அழிக்கல தம்பி,” என்றார் தனலெட்சுமி. “ஆஸ்திரேலியாவிலேர்ந்து எவனோ செருப்பு விக்கிறான். தெனம் ஒண்ணு அனுப்புறான். பாவம், அவனையே நான் அழிக்கல. ஆபீஸ் கடிதத்தையா அழிப்பேன்?”

ஷஹீதா இதையும் எழுதிக்கொண்டாள். ஆஸ்திரேலியாவிலிருந்து செருப்பு வந்து சேர்கிறது. நூறு அடி தூரத்திலிருந்து கடிதம் வரவில்லை.

*

சுகுமாரனின் பழைய ‘கஞ்சில்’ கார், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தில் ஏறியது. குளிர்சாதனம் போன ஹரிராயாப் பெருநாளுக்கே இறந்துவிட்டதால் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். காற்றின் சத்தத்துக்கு மேலே தனலெட்சுமி பின்சீட்டிலிருந்து ஒரு குறையைச் சொன்னார். வேலை போவதைவிட அதுதான் அவருக்கு ஆறவில்லை போலிருந்தது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நிர்வாகம் பாலிக் புலாவிலிருந்து ஒரு லோரி நிறைய டுரியான் பழம் இறக்கியது. அலுவலகம், ஸ்டோர், இயந்திரப் பகுதி என்று எல்லோருக்கும் விருந்து. தரம் பார்க்கும் அறையில் இருந்த ஐந்து பேரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அந்த ஐந்து பேரும் அலுவலகத்துக்காரர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அலுவலகத்துக்காரர்களும் ஏன் என்று கேட்கவில்லை.

“வாசனை மட்டும் வந்துச்சு தம்பி. பத்தொம்பது வருசம். வாசனை மட்டும் அனுப்புனாங்க.”

சுகுமாரன் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு, துப்பு வேறு துயரம் வேறு என்று ஷஹீதாவிடம் தாழ்ந்த குரலில் விளக்கினான். ஷஹீதா அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டாள்.

தொழிற்சாலை வாசலில் காவலர் அவர்கள் மூவரின் கைப்பேசிகளையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். எல்லோருக்கும் அதே விதி.

“வாய வாங்கி வெக்க ஒரு பெட்டி இல்லயா?” என்று ஷஹீதா தன் முதலாளியைப் பார்த்துக்கொண்டே காவலரிடம் கேட்டாள். அவர் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

விசாரணை அறை வாசலில் எச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவின் தலைவர் ரோஹானா நின்றிருந்தார். கடிதத்தை அனுப்பியவரும் அவர்தான். இன்று விசாரிப்பவரும் அவர்தான். மலாயில் நிதானமாகச் சொன்னார்: வெளியாட்கள் உள்ளே வர முடியாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் வர வேண்டும். மின்னஞ்சல் போதும், தன் கணினி எதிரிலேயே திறந்திருக்கும். அவர் குரலில் கோபமே இல்லை. ஷஹீதாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. தனலெட்சுமி பையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. மணி ஒன்பதே முக்கால்.

நடைபாதையில் அவர்களைக் கடந்து ஒருவர் போனார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, அக்குளில் நீளமான நீலப் புத்தகம், கையில் ஒரு கட்டுக் காகிதம். சீனி முகம்மது. கடிதம் கொண்டு கொடுப்பவர். முப்பது வருடமாக இந்தத் தொழிற்சாலைக்குள் அறை அறையாகக் காகிதம் கொண்டு போய், வாங்கியவரிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறார். கையெழுத்து விழும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

அவர் கையில் இருந்த காகிதங்களைச் சுகுமாரன் எட்டிப் பார்த்தான். எல்லாம் அச்செடுத்த மின்னஞ்சல்கள்.

“மெயில பிரிண்ட் எடுத்து, கையில தூக்கிட்டு நடக்குறீங்க?” என்றான். “அண்ணே, ஏரோப்ளேன் டிக்கெட் வாங்கி வெச்சிக்கிட்டு ஈப்போவுக்கு நடந்து போற மாதிரி இருக்கு.”

சீனி முகம்மது அதைப் பற்றிச் சற்று யோசித்தார்.

“ஈப்போவுக்கு நடக்கலாம் தம்பி. முட்டிதான் ஒத்துக்காது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

கணினி அறை ஒரு பண்டகசாலையின் மூலையில் இருந்தது. ஃபிக்ரி என்ற இளைஞன்தான் தொழிற்சாலையின் மொத்தக் கணினிப் பிரிவும். தமிழ் அவனுக்கு அம்மா வழியில் வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, காலையிலிருந்து தான் செய்த வேலையைச் சொல்லிக்கொண்டு போனான். அதே நேரத்தில் சுகுமாரன் தன் முகவரி அட்டையை நீட்டி, தான் தீர்த்த வழக்குகளைச் சொல்லிக்கொண்டு போனான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஷஹீதா இரண்டையும் எழுதினாள், எதையும் யோசிக்கவில்லை.

ஃபிக்ரி திரையில் பதிவைக் காட்டினான். ஜூன் 10, காலை 10.42. அனுப்பியவர் ரோஹானா. பெறுபவர் தனலெட்சுமி. நிலை: சேர்ந்தது.

“பாத்தியா. மூணாவது வழி கெடையாது,” என்றான் சுகுமாரன்.

“சபாஷ் பாஸ். நம்ம ஆளுக்கு எதிரா நாமளே கேஸ ஜெயிச்சிட்டோம். கெளம்பலாமா?”

சுகுமாரன் கிளம்பவில்லை. கடிதம் சேர்ந்தது உண்மை என்றால், சேர்ந்தபின் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்றான். இந்தக் கட்டடத்தில் எல்லோருடைய கடிதத்தையும் தொடுகிற ஆள் ஒருவர்தான். சீனி முகம்மதுவை வரச் சொன்னார்கள். அவர் வந்து, கேட்பதற்கு முன்பே நீலப் புத்தகத்தை மேசையில் விரித்தார். தேதி, நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, கையெழுத்து. மே மாதத் தொடக்கத்திலிருந்து தரம் பார்க்கும் அறைக்கு மட்டும் தினம் நான்கைந்து வரி. ஜூன் எட்டிலிருந்து இருபதுவரை ஒரு வரியும் இல்லை. மகள் கல்யாணத்துக்காக விடுமுறை என்றார். எட்டிலிருந்து இருபதுவரை அவர் ஜாலான் பாருவில் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததற்கு ஐந்நூறு விருந்தாளிகள் சாட்சி.

சுகுமாரனின் ஒரே சந்தேக நபரும் அதோடு போனார். மணி பத்து ஐம்பது.

அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் டுரியான் விருந்துப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஷஹீதா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது பேர், எண்பது மஞ்சள் வாய்கள். பிறகு உள்ளே வந்து, விருந்துக்கு எப்படிக் கூப்பிட்டார்கள் என்று ஃபிக்ரியிடம் கேட்டாள். ரோஹானா எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார் என்றான் அவன். பதிவைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தான். தரம் பார்க்கும் அறையின் ஐந்து பேருக்கும் போயிருந்தது. ஐந்து வரியிலும், சேர்ந்தது.

“பாஸ், ஒருத்தர் கடிதத்த பாக்காம விடலாம். மறக்கலாம், அழிக்கலாம், பொய்கூடச் சொல்லலாம். ஆனா பினாங்கில ஓசி டுரியானுக்கு அஞ்சு பேர் ஒண்ணா வராம இருக்காங்கன்னா ரெண்டே காரணம்தான். அஞ்சு பேரும் செத்திருக்கணும். இல்ல, அவங்களுக்குத் தெரியாது.”

சுகுமாரன் எழுந்து நின்றான். அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்தவர் கண்டுபிடித்ததைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ள அவனுக்கு அரை நொடிதான் ஆகும்.

“அந்த அஞ்சு பேருக்கு மட்டும் தனியா என்ன செஞ்சீங்க?” என்று ஃபிக்ரியைக் கேட்டான்.

ஃபிக்ரியின் முகம் மெல்ல வெளிறியது. ஓர் அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் இரண்டு கட்டம் வரைந்தான்.

தொழிற்சாலைக்கு இப்போது இரண்டு மெயில் சர்வர்கள். பழையது இதே அறையில், இந்த மேசைக்கடியில், காலை இடித்துக்கொண்டு இருக்கிறது. புதியது கோலாலம்பூர் பக்கம் சைபர்ஜெயாவில் வாடகைக்கு எடுத்தது. ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். முதலில் மாறியது தரம் பார்க்கும் அறை, மே நான்காம் தேதி. வெளியுலகத்திலிருந்து வரும் கடிதம் எதுவானாலும் முதலில் புதிய சர்வருக்குத்தான் வரும். ஆள் தன்னிடம் இருந்தால் அது வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பழையதற்குத் தள்ளிவிடும். பழைய சர்வரும் அப்படித்தான். தன்னிடம் இல்லாத ஆளுக்கு வந்த கடிதத்தைப் புதியதற்குத் தள்ள வேண்டும்.

“தள்ளலியா?”

“தள்ளும்ணே. ஆள் இல்லன்னாத்தான் தள்ளும்.” ஃபிக்ரி பழைய சர்வரின் கட்டத்தின் மேல் விரலை வைத்தான். “மாத்துனதுக்கு அப்புறம் பழைய பெட்டிய அழிச்சிருக்கணும். முடியிற வரைக்கும் எதையும் அழிக்காதன்னு மேனேஜர் சொன்னாரு. எனக்கும் பயம் லா. விட்டுட்டேன்.”

ஷஹீதாவுக்குப் புரிந்துவிட்டது. வீடு மாறிப் போய்விட்டார்கள்; பழைய வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. உள்ளூர்க் கடிதக்காரன் பலகையைப் பார்த்து அங்கேயே போட்டுவிட்டு, சேர்ந்தது என்று எழுதிவிட்டுப் போகிறான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. செருப்பு விற்கிறவன் வெளியூரான். அவன் கடிதம் புது வாசலுக்கு நேராக வந்துவிடுகிறது.

இரண்டு மாதமாக இது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று சுகுமாரன் கேட்டான். பதில் சொன்னது சீனி முகம்மது. தரம் பார்க்கும் அறையில் யாரும் மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை, சோம்பேறிகள் என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்களாம். அவர் போய்க் கேட்டால், வரவில்லை என்றார்களாம். அவர்களுக்குக் கண் மங்கிவிட்டதோ என்னவோ என்று நினைத்து, அலுவலகத்தில் எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரச் சொல்லி, அவரே கொண்டு போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். ரோஹானாவின் ரகசியக் கடிதங்களும் ஒட்டிய உறையில் அவர் கையில்தான் போகும். அவர் விடுமுறையில் இருந்த பதின்மூன்று நாளில் மட்டும் அச்செடுத்தவரும் இல்லை, நடந்தவரும் இல்லை.

பழைய சர்வருக்கும் புதிய சர்வருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய பாதை, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அவர்கள் எதிரே நின்றிருந்தது.

ஃபிக்ரி தனலெட்சுமியின் பழைய பெட்டியைத் திறந்தான். அறுபத்தொரு கடிதங்கள், ஒன்றும் திறக்கப்படாமல், தடித்த எழுத்தில். டுரியான் அழைப்பு. மே மாதத்துப் பிறந்தநாள் வாழ்த்து. ஜூன் 10, 10.42, விளக்கம் கோரும் கடிதம். ஷஹீதா எல்லாவற்றையும் நேரத்தோடு கையால் குறித்துக்கொண்டாள்.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

*

அந்த நேரம் பார்த்து உற்பத்திப் பகுதியில் சீட்டு ஒட்டும் இயந்திரம் நின்றுவிட்டதென்று ஃபிக்ரியைக் கூப்பிட்டார்கள். தன் கணக்கிலிருந்தே ரோஹானாவுக்கு எழுதிவிடச் சொல்லிவிட்டு ஓடினான்.

சுகுமாரன் உட்கார்ந்தான். அவன் எழுதியதை ஷஹீதா பின்னாலிருந்து படித்தாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான்கே பத்தி. எந்தச் சர்வர், எந்தப் பெட்டி, எந்த நேரம், ஏன் திறக்கப்படவில்லை, இப்போதே வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று. படிக்கப் படிக்க அவளுக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. கிண்டல் எதுவும் தோன்றவில்லை.

“ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க தம்பி,” என்றார் சீனி முகம்மது. “நான் கதவத் தட்டிக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு வந்துர்றேன். எனக்கு அந்த ரூம்ல தடை கெடையாது.”

சுகுமாரன் நாற்காலியைத் திருப்பினான்.

“அண்ணே, அந்தம்மா பழைய சர்வர். இந்த ஃபிக்ரி பழைய சர்வர். ஒரே வீட்டுக்குள்ள ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்குப் போகுது. நீங்க செருப்ப மாட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துரும். நூறு அடிக்கு ஆள் வெச்சுக் கடிதம் குடுத்தனுப்ப நான் என்ன சுல்தானா?”

பொத்தானை அழுத்தினான். 11.48. பதிவில் உடனே வரி விழுந்தது. அதைச் சத்தமாகப் படித்தான்.

“சேர்ந்தது.”

சீனி முகம்மது தலையாட்டிவிட்டுத் தன் புத்தகத்தை மூடினார்.

சுகுமாரனும் ஷஹீதாவும் சிற்றுண்டிச் சாலையில் போய் உட்கார்ந்தார்கள். சுகுமாரன் அவளுக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான். வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. இந்த வழக்குக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே கால் ஆயிற்று. தொழுகைக்குப் போகிறவர்கள் கை கால் கழுவ வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டு இருபதுக்குத் தனலெட்சுமி வந்தார். அழவில்லை. கையில் பழுப்பு உறை இருந்தது. பையின் காது அறுந்திருந்தது.

“ஒண்ணும் வரலயாம் தம்பி,” என்றார். “அந்தம்மா பன்னெண்டு வரைக்கும் அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் பாத்தேன். கண்ணு வலிக்கப் பாத்தேன். வரல.”

“அனுப்பினேன்க்கா. சேந்துருச்சுக்கா,” என்றான் சுகுமாரன். தனலெட்சுமியிடம் பத்து நாளைக்கு முன்பு இந்தத் தொழிற்சாலை சொன்னதும் அதேதான்.

ஷஹீதா நோட்டைப் புரட்டினாள். அவளுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் என்றுதான் தேடினாள். காலை 9.55. இரண்டு ஆண்கள் ஒரே சமயத்தில் பேசிய இடம். அவள் கையெழுத்திலேயே இருந்தது. ‘ஃபிக்ரி: காலைலேர்ந்து எச்.ஆர். ஆளுங்க பெட்டி எல்லாத்தையும் புதுசுக்கு மாத்துனேன். இனிமே என்னோடது மட்டும்தான் பாக்கி.’

நோட்டை மேசையில் திருப்பி வைத்து, சுகுமாரன் பக்கம் நகர்த்தினாள். அவன் படித்தான். இரண்டாம் தடவை படித்தான். ரோஹானா காலையிலேயே வீடு மாறிவிட்டார். அவருடைய பழைய வாசலிலும் பலகை கழற்றப்படவில்லை. உலகத்தில் அந்த ஓட்டையை அறிந்த முதல் மனிதன், பத்தே நிமிடத்தில் தன் கடிதத்தை அதற்குள்ளேயே போட்டிருக்கிறான்.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்வாள். சொல்லவில்லை. அவளும் கேட்டுத்தானே எழுதினாள்.

பழைய பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டலாம் என்று மூவரும் கணினி அறைக்கு ஓடினார்கள். ஃபிக்ரி நிமிர்ந்து பார்த்தான். அன்று முதல் தடவையாக அவன் முகத்தில் நிம்மதி இருந்தது.

“சரி பண்ணிட்டேன்ணே. மாறுனவங்க எல்லாரோட பழைய பெட்டியையும் அழிச்சிட்டேன். டெஸ்ட் பண்ணேன். இப்ப எல்லாம் ஒழுங்காப் போகுது.”

அறுபத்தொரு கடிதங்களும் போயிருந்தன. சுகுமாரனின் நான்கு பத்தியும் போயிருந்தது. பழைய சர்வரை மூடப்போவதால் ஏப்ரலிலேயே பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். அச்செடுக்கவில்லை. படம் எடுக்கக் கைப்பேசி இல்லை. இனி இந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் ஒரு கடிதமும் தவறாது; தனலெட்சுமிக்கு மட்டும்தான் இங்கே இனிக் கடிதம் வர வழியில்லை.

நடந்ததையெல்லாம் ரோஹானா கேட்டுக்கொண்டார். முழுவதும் பொறுமையாகவே கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு ஐந்துக்குக் கையெழுத்தாகி, முடிவு கோலாலம்பூர் தலைமையகத்துக்கு மின்னஞ்சலில் போய்விட்டது, கிடைத்தது என்று அவர்கள் பதிலும் போட்டுவிட்டார்கள் என்றார். அது மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணால் காட்ட ஒன்றும் இல்லாமல் தன்னால் அதைத் திரும்பப் பெற முடியாது என்றார். வேண்டுமானால் அரசாங்கத்தின் தொழிலுறவு அலுவலகத்தில் முறையிடலாம், அறுபது நாள் இருக்கிறது. அங்கேயும் ஏதாவது காட்ட வேண்டியிருக்கும்.

ஃபிக்ரி எழுதிக் கொடுப்பானா என்று ஷஹீதா கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அடுத்த மாதம் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். மனைவிக்கு ஏழாம் மாதம். வாயால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன், எழுதி மட்டும் கேட்காதீர்கள் என்றான். அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

வாசலில் கைப்பேசிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தபோது, தொழுகைக்குக் கிளம்பிய சீனி முகம்மது பக்கத்தில் வந்து நின்றார். நீலப் புத்தகத்தைச் சுகுமாரனிடம் நீட்டினார்.

“இது கம்பெனி புக்கு இல்ல தம்பி. நான் வாங்குனது. லெட்சுமி வாங்குன காகிதத்துக்கெல்லாம் கையெழுத்து இருக்கு. ஒண்ணுகூட விடல. நான் இல்லாத நாள் மட்டும் காலி. நகல் எடுத்துக்கிட்டுத் திங்கக்கெழம குடுத்துருங்க.”

இது போதுமா என்று அவர் கேட்கவில்லை. போதாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

*

மத்தியானம் மூன்று மணிக்கு, டவுனில் தொழிலுறவு அலுவலகம் இருந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் ‘மாமாக்’ கடை மேசையில் உட்கார்ந்து சுகுமாரன் எழுதினான். கையால், மூன்று பக்கம். கடைசியாகப் பேனா பிடித்து எப்போது எழுதினான் என்று அவனுக்கே நினைவில்லை. இரண்டாம் பக்கத்தில் விரலை உதறிக்கொண்டான். ஷஹீதா நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நகல் எடுத்த பக்கங்களையும் ரோஜா நிறப் படிவத்தையும் பின்னால் வைத்துக் குத்தினார்கள். தனலெட்சுமி முன்னால் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

மூன்றாம் மாடி முகப்பில் இருந்த பெண் காகிதங்களை வாங்கிப் பார்த்தாள். மரியாதையாகவே சொன்னாள்: இதற்காக இவ்வளவு தூரம் நேரில் வந்திருக்க வேண்டியதில்லை, இந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள்.

சுகுமாரன் அட்டையை வாங்கினான். இரண்டு பக்கமும் படித்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு நீலப் புத்தகத்தை விரித்து, சீனி முகம்மதுவின் கடைசி வரிக்குக் கீழே, அதே கட்டங்களுக்குள் எழுதினான். தேதி. 3.40. தனலெட்சுமி, மூன்று பக்கம், இணைப்பு ஏழு. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை அதன்மேல் வைத்தான்.

அந்தப் பெண் புரியாமல் அவனைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ செருமினார்கள். அவன் நகரவில்லை. கடைசியில் அவள் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தாள்.

“இது போய்ச் சேருமா தம்பி?” என்று தனலெட்சுமி மெதுவாகக் கேட்டார்.

மூன்று பக்கமும் முகப்பின் ஓரத்தில் ஒரு தட்டில் கிடந்தன. சுகுமாரன் அதற்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது வந்து அதை எடுத்து உள்ளே கொண்டு போகும்வரை அவன் எழுந்திருக்கப் போவதில்லை என்று ஷஹீதாவுக்குத் தெரிந்தது. நோட்டைத் திறக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.